மை பூசிய சிறகுகள்

மலையாள தேசத்து ஆரியசாலையில் ஒரு வீடு முழுக்க என்னைக் கரிநாக்குக்காரி என்று சொன்ன காலம் உண்டு. வாயைத் திறந்து ஒன்று சொன்னால் அது அப்படியே நடந்துவிடும், அதுவும் கெட்டதாகவே நடக்கும், அந்த மாதிரி நாக்குக்கு அந்தப் பக்கத்தில் கரிநாக்கு என்று பெயர். எனக்கு அப்போது இருபது வயது. மைக்கும் புறாவுக்கும் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன விஷயத்தை, கண்ணால் பார்த்ததை, முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

திருநெல்வேலியிலிருந்து நான் வாழ வந்த வீடு மிளகு, சுக்கு, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற வீடு. கீழே கடையும், சரக்கு அடுக்கிவைக்கிற கிட்டங்கியும். பின்கட்டில் அடுக்களை, கிணறு. மேலே நாங்கள் தட்டட்டி என்று சொல்கிற மொட்டை மாடி. அந்த மாடியின் ஒரு மூலையில் மரப்பலகையால் அடித்த பெரிய புறாக்கூடு. கிட்டங்கியில் சிந்துகிற பருப்பையும் பயறையும் தின்று வளர்ந்த நாற்பது புறாக்கள் அதில் இருந்தன. சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் மாமனார் கூட்டைத் திறந்துவிடுவார். அவை சாலைக் கடைத்தெருவுக்கு மேலே நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கும். கடைக்கு வந்த வியாபாரிகள் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். மாமனாருக்கு அதில் பெருமை தாங்காது.

மாடியில் வற்றல் காயப்போடுவதும் எடுப்பதும் என் வேலை. அதனால் தினமும் அந்த நேரத்துக்கு நான் அங்கே இருப்பேன். வாழ வந்து ரெண்டு வருஷம் ஆகியும் அந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து பேச ஆள் கிடையாது. புறாவைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு ஆச்சரியம் வந்தது. நாற்பது புறா, ஒன்றுக்கொன்று சாண் அளவுதான் இடைவெளி, அம்பு போகிற வேகம். நடு வானத்தில் சட்டென்று எல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பும். ஒன்றுகூட இன்னொன்றின்மேல் இடிக்காது. எப்படி? பல நாள் பார்த்த பிறகு பிடிபட்டது. எங்கள் புறாக்கள் பெரும்பாலும் சாம்பல் நிறம். மூடிய சிறகில் ரெண்டு கறுப்புக் கோடு தெரியும். ஆனால் சிறகின் அடிப்பக்கம் வெள்ளை. நேராகப் பறக்கும்போது சாம்பல் தெரியும். திரும்புவதற்காக ஒரு புறா உடம்பைச் சாய்த்த உடனே அடிவெள்ளை பளிச்சென்று தெரியும். முன்னால் போகிறது எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று பின்னால் வருகிறதுக்கு அந்த வெள்ளையும் கோடும்தான் சொல்கின்றன. அதைப் பார்த்து அதுவும் சாய்கிறது. ஒரு கண் சிமிட்டலுக்குள் கூட்டம் முழுக்க வெளுத்துவிடும்.

இது எனக்குச் சுலபமாகப் புரிந்ததற்குக் காரணம் எங்கள் அடுக்களை. இருட்டான, புகை சூழ்ந்த, அகலம் இல்லாத அடுக்களை. அதில் நாலு பெண்கள். ஒருத்தி கையில் கொதிக்கிற சோற்றுப்பானை, இன்னொருத்தி கையில் குழம்புச்சட்டி. யாராலும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. புடவைக் கரைதான் கண்ணில் படும். மாமியாரின் அரக்குக் கரை இடப்பக்கம் அசைந்தால் நான் வலப்பக்கம் ஒதுங்குவேன். இந்த விஷயத்தைப் படித்தவர்கள் யாராவது ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கண்டதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ரெண்டு கடை தள்ளி ஒரு வெல்ல மண்டி இருந்தது. அவர்களிடமும் புறா உண்டு. ரெண்டு கூட்டமும் வானத்தில் கலந்து, இறங்கும்போது ஒன்றிரண்டு இடம் மாறிப் போய்விடும். ஒரு நாள் எங்கள் புறா ஒன்றை வெல்ல மண்டிக்காரர் தன்னுடையது என்று சாதித்துவிட்டார். தெருவில் நாலு பேர் முன்னால் வாக்குவாதம். மாமனார் முகம் சிவந்து உள்ளே வந்தார்.

"நம்ம சாக்கு ஆலப்புழைக்குப் போனாலும் நம்ம சாக்குன்னு தெரியுது. நம்ம புறா ரெண்டு கடை தள்ளிப் போனா தெரியலேன்னா என்ன அர்த்தம்? குறி போடணும், கேட்டியா?" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

மொத்த வியாபாரிக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். அந்தக் கடையை விட்டு வெளியே போகிற எதற்கும் குறி இல்லாமல் இருக்காது. சாக்கு, பெட்டி, எண்ணெய்த் தகரம், ஏன், கடை ஆட்களின் தோள்துண்டில்கூடக் குறி உண்டு. முதலில் சாக்குக்குக் குறி போடுகிற எழுத்து வெட்டிய தகரத்தை வைத்துச் சிறகில் மையை ஒற்றிப் பார்த்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் சிறகு முழுக்கப் பூசிவிடுவது, மேலும் பூசுவது அடியிலும் பூசுவது, தூரத்திலிருந்தே கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று முடிவாயிற்று. கடுக்காயும் அன்னபேதி உப்பும் போட்டுக் கறுப்பு மை காய்ச்ச வேண்டும். காய்ச்சுகிற வேலை அடுக்களைக்கு வந்தது.

அடுப்பில் மை கொதிக்கும்போதே நான் மாமியாரிடம் சொன்னேன்.

"அத்தை, சிறகெல்லாம் ஒரே கறுப்பாயிட்டா அதுக ஒண்ணோடொண்ணு முட்டிக்கிடும். அடிச்சிறகு வெள்ளையைப் பாத்துத்தான் அதுக திரும்புது. நான் தெனமும் பாக்கேன்லா."

"ஆம்பிளைக காரியத்துல நமக்கென்ன? கிண்டு, அடி பிடிக்கப் போவுது" என்றார் அவர்.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். "காக்காயும் முழுக் கறுப்புதான? அது முட்டுதா?"

"காக்கா இப்பிடிச் சாண் இடைவெளியில சேந்து பறக்குதா? அது ஆளுக்கொரு பக்கமாத்தான போகுது? ஒங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லிப் பாக்கேன்" என்றார். சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று எனக்கும் தெரியும். அப்பாவுக்கு முன்னால் அந்த மனுஷனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடை ஆட்கள் புறாவை ஒவ்வொன்றாகப் பிடித்து, சிறகை விசிறி மாதிரி விரித்து, சாக்குக்கு மை பூசுகிற மட்டையால் மேலும் கீழும் பூசினார்கள். காய்வதற்கு ரெண்டு நாள் கூட்டில் அடைத்துவைத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மாமனார் வெல்ல மண்டிக்காரருக்குக் கேட்கிற மாதிரி உரக்கக் கூப்பிட்டபடி கூட்டைத் திறந்தார்.

மேலே போனவை ரெண்டு சுற்று ஒழுங்காகத்தான் சுற்றின. மூன்றாவது சுற்றில் மேற்கு வெயிலுக்கு எதிராகத் திரும்பியபோது ஈரத்துணியை உதறினது போல ஒரு சத்தம் கேட்டது. ரெண்டு புறா கல்லாக விழுந்தன. ஒன்று பக்கத்து வீட்டு ஓட்டில், ஒன்று தெருவில் ஒரு குதிரைவண்டிக்கு முன்னால். மிச்சமெல்லாம் பயந்து சிதறி இருட்டுகிற வரை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மறுநாள் திரும்பவும் திறந்துவிட்டார். அன்றைக்கு மூன்று விழுந்தன. அதில் ஒன்று எங்கள் முற்றத்திலேயே, மாமியாரின் காலடியில், கழுத்து மடங்கி.

புறா செத்து முற்றத்தில் விழுந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். மாமியார் அலறிய அலறலில் கடையிலிருந்து எல்லாரும் உள்ளே ஓடிவந்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இவதான் சொன்னா! மை கொதிக்கும்போதே சொன்னா, ஒண்ணோடொண்ணு முட்டிக்கிடும்னு. வாயை வச்சா, இப்பம் அப்பிடியே முட்டிச் செத்துட்டு. கரிநாக்கு இவளுக்கு!"

நான் சொன்னதில் ஒரு எழுத்துக் குறையாமல் ஞாபகம் வைத்திருந்தார். எதனால் முட்டும் என்று சொன்னேனோ அதை மட்டும் விட்டுவிட்டார். நான் வாயைத் திறந்து, "அத்தை, மையினாலதான்..." என்று தொடங்கினேன். "கரிநாக்கை அடக்கு, இனியும் பேசாத!" என்று மாமனார் கத்தினார். பேசினால் இன்னும் எது விழுமோ என்று அவருக்குப் பயம். தாடி நரைத்த மனுஷர், நாலு கப்பல் சரக்கு முங்கினாலும் கலங்காதவர், என் வாயைப் பார்த்துப் பயந்து நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் பழசெல்லாம் கிளம்பிற்று. போன மாசம் நான் மழை வரும் என்று சொன்ன அன்றைக்குத்தான் மிளகு நனைந்ததாம். நாத்தனாருக்குப் பல் வலிக்கப் போகிறது என்று நான் சொன்னேனாம். சதா வெல்லம் தின்கிறவளுக்குப் பல் வலிக்கும் என்று யார்தான் சொல்லமாட்டார்கள்?

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைப்பது. அதுவரை புறாக்கூட்டைத் திறப்பதில்லை. சனிக்கிழமை என் வீட்டுக்காரர் என்னைத் தம்பானூரில் ரயிலேற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுவிடுவது. "கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வரட்டும்" என்றார். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படிக் கொஞ்ச நாளுக்கு வந்த ஒருத்தி எட்டு வருஷமாக அண்ணன் வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். என் தங்கைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காள் கரிநாக்குக்காரி, புருஷன் வீட்டார் கொண்டுவிட்டுவிட்டார்கள் என்றால் அவளை யார் எடுப்பார்கள்? எனக்கு என்னைவிட அவளைப் பற்றித்தான் கவலை.

புதன்கிழமை மத்தியானம் கிணற்றடியில் செத்த புறாவைப் புதைக்க ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை ஓடியது. கிணற்றடியில் ஒரு இலும்பன்புளி மரம் உண்டு. விரல் நீளத்துக்குப் பச்சைப் பச்சையாகக் காய்த்துத் தொங்கும், பல் கூசுகிற புளிப்பு. வீட்டுக்காரரின் வேட்டியில் சாக்கு மை பட்டால் நான் வாராவாரம் அந்தக் காயைத் தேய்த்துத்தான் கறையை எடுப்பேன். நாலு காயைப் பறித்து நசுக்கி, செத்த புறாவின் சிறகில் தேய்த்தேன். கறுப்பு முதலில் பழுப்பாயிற்று, பிறகு தண்ணீர் விட்டதும் கழன்று வந்தது. அடியில் வெள்ளை தெரிந்தது. பால் வெள்ளை இல்லை, ஆனாலும் வெள்ளைதான்.

வீட்டுக்காரரைக் கடையிலிருந்து கூப்பிட்டனுப்பிச் சிறகைக் காட்டினேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்துக்கும் மையை எடுத்துருவோம். பொறவு பறக்க விடுங்க. ஒண்ணு முட்டி விழுந்தாலும் நானே வண்டி ஏறிப் போயிருதேன். ஒங்க கையால கொண்டுவிடாண்டாம்."

அவர் சிறகை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "அப்பா மத்தியானம் ஒறங்குத நேரத்துல வாரேன்" என்றார்.

அதற்காக அவரை நான் மெச்சத்தான் வேண்டும். வந்தார். புதன், வியாழன் ரெண்டு மத்தியானமும் சுட்டெரிக்கிற தட்டட்டியில் அவர் புறாவைப் பிடித்துக்கொள்ள, நான் தேய்த்தேன். சிறகை வளைக்காமல், இறகு ஒடியாமல், கண்ணில் சாறு படாமல் தேய்க்க வேண்டும். தேய்த்துக் கழுவி வெயிலில் விட்டால் அது நம்மை முறைத்துப் பார்த்துக்கொண்டு சிறகைக் கோதும். வெல்ல மண்டிக்குப் போனதும் செத்ததும் போக முப்பத்துநாலு புறா. என் விரல் இடுக்கெல்லாம் புளிப்பில் வெந்துபோயிற்று, சோறு பிசைய முடியவில்லை. "நீ சொன்னது சரிதான் போலிருக்கு" என்றார் அவர் ரெண்டாம் நாள். எனக்குத் தேய்ப்பதை நிறுத்த நேரமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நூற்றியெட்டுத் தேங்காய் உடைந்தது. சாயங்காலம் மாமனார் தட்டட்டிக்கு வந்தார். சிறகுகளைப் பார்த்தார். கறுப்பு போய்விட்டது அவர் கண்ணில் படாமல் இருக்க வழியில்லை. ஒரு சிறகை விரித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். கூட்டைத் திறந்தார். நான் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

ஒரு சுற்று. ரெண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் மேற்கு வெயிலுக்கு எதிராகச் சாய்ந்தன. ஒரே நொடியில் கூட்டம் வெளுத்தது. சத்தம் இல்லை. ஒன்றும் விழவில்லை. நாலாவது சுற்றும் அஞ்சாவது சுற்றும் போய், எல்லாம் வரிசையாக இறங்கிக் கூட்டுக்குள் போயின. நான் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன்.

"பிள்ளையார் காப்பாத்திட்டாரு. தோஷம் கழிஞ்சுது. இனி அவ ஊருக்குப் போவாண்டாம்" என்றார் மாமனார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் போட்டுக்கொண்டார். எனக்கும் பிள்ளையார்மேல் பக்தி உண்டு. அவர் தும்பிக்கையால் இலும்பன்புளி தேய்த்ததை மட்டும் நான் பார்க்கவில்லை.

படியில் இறங்கி வந்த வீட்டுக்காரரை மறித்தேன். "சொல்லுங்க. இப்பமே போய்ச் சொல்லுங்க, மையை எடுத்தது நாமன்னு."

"இப்பம் சொன்னா அப்பாவுக்குச் சங்கடமாப் போவும். தேங்கா ஒடைச்சது வெறுதேயான்னு கேப்பாரு. நீ ஊருக்குப் போவாண்டாம்னு ஆச்சுல்லா? அது மதி" என்றார்.

அவருக்கு அது மதி. மலையாளத்தில் அந்தச் சொல்லுக்குப் போதும் என்று அர்த்தம். எனக்குப் போதவில்லை. பயணம் நின்றது, பெயர் நிற்கவில்லை. தோஷம் கழிந்தது என்றால் தோஷம் இருந்தது என்றுதானே அர்த்தம்? கல்யாணப் பேச்சு நடந்தால் என்னைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். பசு கன்று போட்டால் தொழுவத்துப் பக்கம் வராதே என்றார்கள். மலையோரத்து வித்துராவுக்கு மிளகு எடுக்க வண்டி கிளம்பினால், அது தெருமுனை திரும்புகிற வரை நான் பேசக் கூடாது. ஒரு தடவை சக்கரத்தில் கடையாணி ஆடுவதைக் கண்டேன். சொல்லாமல் விட்டால் வண்டி கவிழும். சொன்னேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். வண்டிக்காரன் இறங்கிப் பார்த்து ஆணியை அறைந்து இறுக்கினான். வண்டி நல்லபடியாகப் போய் நல்லபடியாக வந்தது. அதை யாரும் என் கணக்கில் சேர்க்கவில்லை. சொன்னது நடந்தால் கரிநாக்கு. சொன்னதால் நடக்காமல் போனால் அதற்கு ஒரு பெயரும் கிடையாது. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று.

பிறகு ஒரு நாள் மாமனார் கோட்டாற்றிலிருந்து பன்னிரண்டு புதுப் புறா வாங்கி வந்தார். கடையிலேயே கூடையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மோர் கொண்டுபோனேன். கடை ஆள் ஒருவன், "மொதலாளி, இதுகளுக்கும் குறி போடணும்லா, மை காய்ச்சச் சொல்லட்டா?" என்று கேட்டான்.

"மை வேண்டாம்டே" என்றார் மாமனார், கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே. "மையைப் பூசினா ஒண்ணை ஒண்ணு கண்ணு தெரியாம முட்டும். தகரத்துல சின்ன வளையம் வெட்டிக் காலுல போடுங்க."

என் கையில் செம்பு அப்படியே நின்றது. யாரோ ஊரில் சொன்ன செய்தியைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பார்த்திருக்கிறார். புரிந்திருக்கிறது. அன்றைக்கே புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டே பிள்ளையாருக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னைத் தொழுவத்துப் பக்கம் விடாமல் வைத்திருக்கிறார்.

"மாமா, மையினாலதான் முட்டிச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கடையில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"பின்னே? கண்ணால பாத்தோம்லா?"

"அப்பம் எனக்குக் கரிநாக்கு இல்லையே?"

அவர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. "கரிநாக்கா? ஒனக்கா? ஆரு சொன்னா அப்பிடி?" என்றார்.

அவருக்கு ஞாபகமே இல்லை. ஒரு வருஷமாக நான் ஒவ்வொரு வார்த்தையையும் முழுங்கி முழுங்கிப் பேசியிருக்கிறேன். தங்கைக்கு வந்த ஒரு வரன், இங்கே வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. அவருக்கு ஞாபகமே இல்லை.

"நீங்கதான் மாமா சொன்னீங்க. நீங்களும் அத்தையும். முற்றத்துல வச்சு, இவுக எல்லாரும் இருக்கும்போது" என்றேன். உரக்கவே சொன்னேன். கடை ஆட்களும், சரக்கெடுக்க வந்திருந்த ரெண்டு வியாபாரிகளும், கல்லாவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் கேட்டார்கள். வீட்டுக்காரர் குனிந்து கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

மாமனார் என்னிடமிருந்து மோர்ச் செம்பை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு கூடைக்குள் கையை விட்டு ஒரு புறாவை எடுத்தார். அதன் காலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கடை ஆளிடம், "வளையத்தை இறுக்கிப் போட்டுராத, பாவம், அதுக்கு வலிக்கும்" என்றார்.